ஏழாம் வகுப்பு முடிந்த கோடை

அமெரிக்காவில் பள்ளிச் சிறுமிகளுக்கென்று நடக்கும் அறிவியல் கோடை முகாம்களைப் பலர் அண்மைக்காலப் புதுமையாக நினைக்கிறார்கள். அவற்றின் வேர் 19ஆம் நூற்றாண்டு பாஸ்டனில் இருக்கிறது. கல்லூரிப் படிப்பு பெண்களின் உடலைக் கெடுக்கும் என்று எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் நூல் எழுதிய அதே 1873இல், எலன் ஸ்வாலோ மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றார். அங்கே சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். திருமணத்துக்குப் பின் எலன் ரிச்சர்ட்ஸ் என்று அறியப்பட்ட அவர், தமக்கு மட்டும் கிடைத்த விதிவிலக்கோடு நிறைவடையவில்லை. வீட்டிலிருந்து படித்த பெண்களுக்கு அஞ்சல் வழியே அறிவியல் கற்பித்தார். 1876இல் அந்தக் கழகத்திலேயே பெண்களுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் அமையக் காரணமாக இருந்தார். அவரும் மேரியன் டால்பட்டும் முன்னின்று தொடங்கிய பட்டதாரிப் பெண்கள் சங்கம், 1885இல் 705 பட்டதாரிகளின் விடைகளைத் தொகுத்து, அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பதைக் காட்டியது. மருத்துவரின் ஊகத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. இந்தச் சங்கத்தின் வழிவந்ததே அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம். அதன் கலிஃபோர்னியா உறுப்பினர்கள்தான் 1998இல் ஸ்டான்ஃபோர்டில் 'டெக் டிரெக்' முகாமைத் தொடங்கினார்கள். ஏழாம் வகுப்பு முடித்த சிறுமிகள் ஒரு வாரம் பல்கலைக்கழக விடுதியில் தங்கி, சோதனைகள் செய்து, அறிவியலைத் தொழிலாகக் கொண்ட பெண்களோடு பழகுவார்கள்.

அந்த வயதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1972இல் சேர்ந்த மாணவர்களை ஆராய்ந்த லூசி செல்ஸ், ஆண்களில் 57 விழுக்காட்டினர் பள்ளியில் நான்காண்டுக் கணிதம் படித்திருந்தனர் என்றும், பெண்களில் 8 விழுக்காட்டினரே படித்திருந்தனர் என்றும் கண்டார். அந்தக் கணிதம் இல்லாதவருக்குப் பொறியியலும் இயற்பியலும் கல்லூரி வாசலிலேயே மூடிவிடுகின்றன. அமெரிக்கப் பள்ளிகளில் பாடங்களைப் பெரும்பாலும் மாணவரே தேர்கிறார்கள். எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தை முடித்தவரே பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை எளிதாக எட்டுகிறார். ஆகவே பதினேழு வயதில் வரும் அறிவுரை காலம் கடந்தது. பன்னிரண்டு வயதில் வருவது பயன்படும். 1976இல் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் சிறுமிகளுக்காக ஒருநாள் அறிவியல் மாநாடு தொடங்கியவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இத்தகைய முகாம்களுக்கு மறுப்புகளும் உண்டு. பெண்களைத் தனியே பிரிப்பது பாகுபாடு அல்லவா என்பது முதல் மறுப்பு. ரிச்சர்ட்ஸின் ஆய்வுக்கூடமே இதற்கு விடை: பெண்கள் பொதுக் கூடங்களில் சேர்க்கப்பட்டதும் 1883இல் அது மூடப்பட்டது. பொது வகுப்புக்கு இட்டுச்செல்லும்வரை தனியிடம் வேலி ஆகாது. இன்று பட்டம் பெறுவோரில் பெண்களே அதிகம், இனி இது எதற்கு என்பது இரண்டாவது. 1980களின் தொடக்கத்திலிருந்து அது உண்மைதான். ஆனால் மொத்தக் கணக்கு துறைவாரிக் கணக்கை மறைக்கிறது. கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984இல் சுமார் 37 விழுக்காடு. கால் நூற்றாண்டுக்குப் பின் அது 18 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. காலம் தானாகவே சரிசெய்துவிடும் என்று நம்புவோர் இந்தச் சரிவுக்கு விளக்கம் தரவேண்டும்.

கடைசி மறுப்பை எளிதில் தள்ள முடியாது. ஆசிரியர் பரிந்துரைத்த சிறுமிகளே முகாமுக்கு வருகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள். பின்னாளில் அவர்கள் அறிவியல் படித்தால், அது முகாமின் சாதனை என்று எப்படிச் சொல்வது? இந்த ஐயம் நியாயமானது. அதைத் தீர்க்கும் பொறுப்பு முகாம் நடத்துவோருடையது. வகுப்பில் கை தூக்காத சிறுமியையும் பரிந்துரைக்குமாறு ஆசிரியர்களை அவர்கள் கேட்கவேண்டும். ஒரு வாரம் முடிந்த பிறகும், அவள் ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதத்தை எடுக்கிறாள் என்று விசாரிக்க ஒரு வழிகாட்டியை நியமிக்கவேண்டும்.