மஹல்லாவின் நினைவைக் காப்பவர் யார்?

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையில், இராஜகிரி அடிவாரத்தில், 1717–18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவர் ஆர்க்காட்டு நவாப். அவர் நினைவைக் கல் காத்தது. அவரை எதிர்த்து 1714இல் தேசிங்குராஜனுடன் நின்று மாண்ட மகபத்கானுக்கோ பாட்டுத்தான் கிடைத்தது. நண்பருக்காகத் தம் மணக்கோலத்தைக் கலைத்துக் களம் புகுந்தார் என்கிறது கதைப்பாடல். அதில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை ஆய்வாளர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு முஸ்லிம் வீரரின் பெயரை முந்நூறு ஆண்டுகள் காத்தவர்கள் பாட்டிசைத்த கிராமத்து மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் பிற சமயத்தவர் என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் மஹல்லாக்களில் நம் முன்னோருக்குக் கல்லும் இல்லை, பாட்டும் இல்லை. நிகாஹ் தஃப்தர் உண்டு. மஹர் எவ்வளவு, சாட்சிகள் யார், மணமகன் எந்த ஊரிலிருந்து வந்தார் என ஒரு பக்கமே பல செய்திகளைச் சொல்லும். அது உர்தூவிலோ அரபுத்தமிழிலோ இருந்தால் இன்று படிப்பவர் அரிது. நம் மத்ரஸா மாணவர்க்கு அரபு எழுத்தும் தெரியும், தமிழும் தெரியும். அரபுத்தமிழில் ஒரு வரி கொடுத்தால் திணறுகின்றனர்!

காகிதம் தொலைந்தால் உரிமையும் ஆட்டங்காணும். வக்ஃபு சொத்துகளைப் பதிவேற்ற 2025 ஜூனில் உமீத் இணையதளம் தொடங்கி ஆறு மாதத் தவணை தரப்பட்டபோது, பழைய பத்திரங்களைத் தேடி முத்தவல்லிகள் அலைந்ததை மறக்க இயலாது.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) குர்ஆனைத் தொகுத்தபோது, ஈச்ச மட்டையிலும் கல்லிலும் எழுதி வைத்திருந்தவற்றை மக்கள் கொண்டுவந்தனர். தாமே ஹாஃபிழாக இருந்தும் அவர் தம் நினைவை மட்டும் நம்பவில்லை.

கொடுத்தால் திரும்பாது என்றஞ்சிப் பெட்டியைத் திறக்காத குடும்பங்கள் உண்டு. நியாயமான அச்சம்தான். பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ நிழற்படங்களை மின்னகலாக்கியது. அந்நூலகத் திட்டத்தின் விதிப்படி மூலம் நாட்டை விட்டுப் போகாது. நமக்கும் அதுவே போதும்: மூலம் வீட்டில், நகல் பள்ளிவாசலில். தஃப்தரில் தலாக் விவரங்களும் இருக்கலாம். அவற்றை வாட்ஸ்அப்பில் பரப்புவது ஆவணக் காப்பு ஆகாது, அமானிதத்துக்குத் துரோகம்.

பழைய படங்களில் இருப்போரின் பெயர்கள் பெரும்பாலும் வீட்டு மூதாட்டியருக்கே தெரியும். ரமளான் விடுமுறையில் பிள்ளைகள் அவர்களருகே அமர்ந்து, பெயர், உறவு, ஊர் மூன்றையும் கேட்டுப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதட்டும். அரபுத்தமிழ் வாசிப்புக்கு மத்ரஸாக்களில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.