வாஃபிளும் எங்க ஊர் சுண்ணாம்புக்கல்லும்

இந்தப் பக்கம் எட்டிப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஆணி புடுங்குற வேலை ஜாஸ்தி. இன்னிக்கு கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் எங்க ஊரு. பொறுமையா படிங்க.

எங்க ஊரு ஆலத்தியூர். "சிமெண்ட் ஃபேக்டரி இருக்கே, அந்த ஊரா?"ன்னு லாரி ஓட்டுறவங்க கரெக்டா கேப்பாங்க. 2007க்கு முன்னாடி பெரம்பலூர் மாவட்டம், இப்போ அரியலூர் மாவட்டம். ஊரு நகரல, போர்டு மட்டும் மாறிச்சு.

அரைப்பரீட்சை லீவுக்கு குடும்பத்தோட போயிருந்தோம். முதல் நாள் காலைல அம்மா தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் வச்சாங்க. என் பொண்ணு (ஒன்பது வயசு) தட்டைத் தள்ளி வச்சுட்டு, "அப்பாயி, எனக்கு வாஃபிள் வேணும்"னு சொல்லிட்டா. "அது என்னா கண்ணு?" "கட்டம் கட்டமா இருக்கும் அப்பாயி. சென்னைல சாப்பிடுவோமே." அம்மா ஒண்ணும் பேசல. தட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் கொல்லைப்பக்கம் போனப்போ மெதுவா கேட்டாங்க: "எங் கையால திங்கறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சா தம்பி?"

அதுக்கு என்ன பதில் சொல்ல? நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ராத்திரி உக்காந்து இந்த வாஃபிளோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல பேரு. வாஃபிள் என்பது டச்சு மொழியின் 'வாஃபல்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் பழைய ஜெர்மானியச் சொல். இன்றைக்கும் ஜெர்மன் மொழியில் தேன்கூட்டுக்கு 'வாபெ' என்று பெயர். ரெண்டும் ஒரே குடும்பம். அதாவது வாஃபிள் என்றால் தேனடை மாதிரி இருக்கும் பலகாரம்.

இதைப் படிச்சதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. ஏன்னா நம்ம மதுரைக்காஞ்சியிலும் இதே உவமை இருக்கு! மாங்குடி மருதனார் மதுரையின் இரவைச் சொல்லும்போது, பலகாரம் விற்கும் கூவியர் தூங்கிப்போவதைச் சொல்கிறார். அவர்கள் விற்கும் பண்டங்களில் ஒன்று மெல்லிய அடை. அது எப்படி இருக்குமாம்? வரிவரியாக இருக்கும் 'இறால்' போல. இறால்னா நம்ம குழம்புல போடுறது இல்ல, தேன்கூடு :-)

உடனே "வாஃபிளைக் கண்டுபுடிச்சதே தமிழன்தான்"னு கிளம்பிடாதீங்க சாமிகளா. இது அந்த மாதிரிப் பதிவு இல்ல. அந்த அடைக்கும் ஐரோப்பாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல வரல. பசியோட இருக்குற ரெண்டு ஊர்க்காரன், சூடா ஒரு பண்டத்தைப் பாத்ததும் ரெண்டு பேருக்குமே தேன்கூடு ஞாபகம் வந்திருக்கு. அவ்ளோதான். அதுவே எனக்கு பெருசாப் பட்டுது.

அடுத்து அந்த அச்சு. இடைக்கால ஐரோப்பாவில் மாதா கோயில்களுக்கு அப்பம் சுட நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தகடுகள் இருந்தன. நடுவில் மாவை வைத்து, இடுக்கி போல மூடி, நெருப்பில் காட்டுவார்கள். அதே வகை இடுக்கியில் கட்டம் செதுக்கிச் சுட்டதுதான் வாஃபிள். பீட்டர் புரூகல் என்ற ஓவியர் 1559ல் வரைந்த 'கார்னிவலுக்கும் லெந்து காலத்துக்கும் சண்டை' என்ற படத்தில் தெருவோரம் வாஃபிள் சுடுவதைப் பார்க்கலாம். நம்ம ஊர் திருவிழாவுல பஜ்ஜிக்கடை மாதிரி.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை. 1658ல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1781ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அங்கே இருந்தவர்கள். இலங்கைக் கரையை 1796 வரை ஆண்டார்கள். அங்கே சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் 'கொக்கிஸ்' என்ற பலகாரத்தின் பெயர், குட்டிக் கேக்கைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. கொக்கிஸ் வேற எதுவும் இல்லீங்க, நம்ம அச்சு முறுக்கோட உடன்பொறப்பு. காயும் எண்ணெயில் அச்சைச் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் முக்கி, திரும்ப எண்ணெயில் விடுவது. எங்க அம்மாகிட்ட பூ மாதிரி ஒரு அச்சு இருக்கு. அது அவங்க மாமியாரோடது.

அதே டச்சுக்காரர்கள்தான் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கும் வாஃபிளைக் கொண்டுபோனார்கள். 1869 ஆகஸ்ட் 24ல், நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட், அடுப்பின் மேலேயே வைத்துத் திருப்பிப் போடும் வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கினார். கையைச் சுட்டுக்கிட்ட யாரோ வீட்டம்மா அவரைத் திட்டியிருக்கணும், இது என் யூகம் :-)

இப்ப வருது எங்க ஊர் மேட்டர்.

பழைய வாஃபிள் ஈஸ்ட்டாலோ முட்டையாலோதான் உப்பியது. ராத்திரியே கரைச்சு வைக்கணும், நம்ம தோசை மாவு மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா மலிவானதும் காலைல எழுந்து கரைச்சு உடனே சுடலாம் என்றானது. சோடா மலிவாக முக்கியக் காரணம், 1861ல் எர்னஸ்ட் சால்வே கண்டுபிடித்த முறை. அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? வாஃபிளுக்குப் பேர்போன பெல்ஜியம்!

அவருக்குத் தேவைப்பட்டது உப்புத்தண்ணீர், அம்மோனியா, அப்புறம் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வரும். அதை அம்மோனியா கலந்த உப்புத்தண்ணீரில் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் அடியில் படியும். நம்ம ஆப்ப சோடா அதுதான். மாவில் புளித்த மோரோடு சேரும்போது அந்த வாயுவைத் திரும்ப வெளியே விடுகிறது. வாஃபிளின் ஓட்டைகள் எல்லாம் அதோட மூச்சு.

எங்க மாவட்டமே சுண்ணாம்புக்கல் மேல உக்காந்திருக்கு. டைனோசர் காலத்துல இங்க கடல் இருந்துது. அந்தக் கடல்ல வாழ்ந்த சிப்பியும் நத்தையும் செத்துப் படிஞ்ச கல்லு. சின்ன வயசுல காட்டுல சிப்பிக் கல்லு பொறுக்கி டவுசர் பை கிழிஞ்சு அடி வாங்கியிருக்கேன். அதே கல்லைத்தான் இப்ப வெட்டி சிமெண்ட் ஆக்குறாங்க. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ கரியமில வாயு. சால்வே அந்த வாயுவைப் பிடித்து சோடாவாக்கினார். சிமெண்ட் சூளையில் அது புகைபோக்கி வழியா வானத்துக்குப் போகுது. பிடிக்கவே முடியாதது இல்ல. 2016ல் தூத்துக்குடி சோடா ஆலையில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து இந்த வாயுவைப் பிரித்து சோடா தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. எங்க ஊர்ப் புகையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, மறுநாள் காலை. தங்கமணி பையில வாஃபிள் மேக்கரைப் போட்டு வச்சிருந்தாங்க. பேக்கிங் பவுடர் எடுக்க மறந்தாச்சு. கடைல கேட்டா ஆப்ப சோடாதான் இருந்துது. அதுவே போதும்னுட்டேன். மைதா 2 டம்ளர், சர்க்கரை 2 ஸ்பூன், ஆப்ப சோடா முக்கால் ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இன்னொரு பாத்திரத்துல முட்டை 2, புளிச்ச கெட்டி மோர் ஒண்ணே முக்கால் டம்ளர், உருக்கின வெண்ணெய் 100 கிராம். ரெண்டையும் லேசா கலக்கணும். அடிச்சுக் கலக்கினா ரப்பராயிடும்.

முதல் வாஃபிள் ரெண்டாப் பிஞ்சு, பாதி மேல ஒட்டிக்கிச்சு. ரெண்டாவதும் அதே கதை. அதுவரைக்கும் வாசப்படியில உக்காந்து சும்மா பாத்துட்டிருந்த அம்மா எழுந்து வந்தாங்க. "ஆவி அடங்காம ஏன்டா தொறக்கற? அச்சு முறுக்கு அச்சை விட்டுத் தானா கழண்டு வரும்ல, அதுமாதிரி விடணும்"னு என்னை நகத்திட்டு நின்னாங்க. எண்ணெய் தடவி, மாவு ஊத்தி, மூடி, பக்கவாட்டுல வர்ற ஆவியையே பாத்துட்டிருந்தாங்க. ஆவி நின்னதும் தொறந்தாங்க. பொன்னிறமா முழுசா வந்துது. புஸ்தகம் படிச்ச நானு ஓரமா நிக்கறேன்.

மேப்பிள் சிரப்புக்கு எங்க போறது? வெல்லப்பாகு காய்ச்சி ஊத்தினாங்க. பொண்ணு மூணு தின்னா. நான் தேன்கூட்டுக் கதையைச் சொன்னேன். அம்மா ஒரு துண்டைப் பிச்சு, வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு, "எவளோ தேன்கூட்டைப் பாத்துட்டு வந்து சுட்டிருக்கா"ன்னாங்க. வாயில போட்டு, "நல்லாத்தான் இருக்கு. வயித்துல நிக்காது"ன்னுட்டு தங்களுக்கு ரெண்டு தோசை ஊத்திக்கப் போயிட்டாங்க. பொண்ணு பின்னாடியே போயி அதுலயும் ஒண்ணு வாங்கித் தின்னா.

கிளம்புற அன்னிக்கு பையைக் கட்டும்போது வாஃபிள் மேக்கரைக் காணோம். தேடினா, அடுப்படிப் பரண்ல, பழைய வேட்டித் துணியில சுத்தி, அச்சு முறுக்கு அச்சுக்குப் பக்கத்துல இருக்கு.

"அது இங்கயே இருக்கட்டும் தம்பி. முழுப்பரீட்சை லீவுக்கு புள்ள வந்தா வேணும்ல."

வச்சுட்டு வந்துட்டோம்.

பி.கு: உங்க வீட்டுப் பரண்ல என்னென்ன அச்சு இருக்கு? வந்து சொல்லிட்டுப் போங்க மக்கா.