எம்மி நோத்தர்: ஆய்வுப் படைப்புகளும் மேற்கோள் தாக்கமும்

எம்மி நோத்தர் (1882–1935) ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்த இயற்கணித அறிஞர். அவருடைய ஆய்வின் வீச்சு மேற்கோள் எண்ணிக்கைக்குள் அடங்காது என்பதற்கு அவரது 1921ஆம் ஆண்டுக் கட்டுரையே சான்று. அதில் அவர் எடுத்துக்கொண்ட நிபந்தனை இதுதான்: ஒன்றையொன்று உள்ளடக்கி வளரும் சீர்மங்களின் (ideals) வரிசை எங்கேனும் ஓரிடத்தில் வளராமல் நின்றாக வேண்டும். இந்த ஒற்றை நிபந்தனையிலிருந்தே, பரிமாற்று வளையத்தின் (commutative ring) சீர்மம் ஒவ்வொன்றையும் எளிய வகைச் சீர்மங்களின் வெட்டாகப் பிரிக்கலாம் என்று அவர் நிறுவினார். பல்லுறுப்புக் கோவைகளுக்கு இதை 1905இல் நீண்ட கணக்கீடுகளால் காட்டியவர் இமானுவேல் லாஸ்கர்.  நோத்தரின் அந்நிபந்தனைக்கு உட்பட்ட வளையங்கள் இன்று 'நோத்தரியன் வளையங்கள்' எனப்படுகின்றன. அச்சொல்லை ஆள்பவர்கள் பெரும்பாலும் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. சுட்டத் தேவையும் இல்லை. ஆர்ட்டின், நோத்தர் இருவரின் விரிவுரைகளைக் கொண்டு வான் டெர் வேர்டன் எழுதிய 'நவீன இயற்கணிதம்' (1930–31) அக்கருத்துகளைப் பாடநூல் அறிவாக்கிவிட்டது.

பெயர் நிலைப்பது புகழே, தாக்கம் ஆகாது என்று மறுக்கலாம். ஆனால் 'நோத்தரியன்' என்பது பாராட்டுச் சொல் அன்று, தேற்றத்தின் கருதுகோள். அதை நீக்கினால் பல நிறுவல்கள் அப்படியே சரிந்துவிடும். எண்ணிக்கை சார்பற்றது, ஒரே காலத்தவரை ஒப்பிட உதவும் என்பதும் ஓரளவு உண்மைதான். ஆயினும் 300க்கும் மேற்பட்ட மாற்றமிலிக் கோவைகளைக் (invariants) கணக்கிட்டுப் பட்டியலிட்ட அவரது 1907ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பின்னாளில் அவரே குப்பை என்று ஒதுக்கினார். படைப்புகளை எண்ணும் பட்டியலில் அதுவும் ஒன்று, 1921ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒன்று.