வேரும் முயலும்

கல்கத்தாவில் 1931-ஆம் வருஷம் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வைத்தியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமையையும் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்பது அதன் சாரம். பீகார்ப் பக்கத்தில் பைத்திய மருந்து என்றே ஜனங்கள் சொல்லிவந்த வேர்தான். மேல்நாட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் வகீல் பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதிய பிறகே அவர்கள் காதில் விழுந்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியார் வேரிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். 1954-ல் நியூயார்க்கில் டாக்டர் க்ளைன், அது மனநோயாளிகளின் வெறியை அடக்குவதைத் தெரிவித்தார்.

ஆனால் மருந்து தின்ற சிலருக்குக் கை நடுங்கியது, உடம்பு விறைத்தது. பார்க்கின்ஸன் என்கிற நடுக்குவாதம் போலவே! எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான் வருகிறது. 1957-ல் ஸ்வீடனில் கார்ல்ஸன் முயல்களுக்கு ரெஸர்பினைக் கொடுத்தார். காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் எழுந்து நடமாடின, பாவம்! ரெஸர்பின் மூளையின் டோபமீனை வற்ற அடிக்கிறது. டோபா அதை மறுபடி ஊட்டுகிறது. நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையிலும் டோபமீன் குறைந்திருந்ததை 1960-ல் வியன்னாவில் கண்டார்கள்.

வேரை அறிந்திருந்தது நமக்குப் பெருமைதான். அது மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்று துருவிக் கேட்டவர் ஸ்வீடன்காரர். இன்றும் நடுக்குவாதத்துக்கு முக்கிய மருந்து டோபாதான். அதைத் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர் சென்னையில் 1937-லேயே ஒரு விதையிலிருந்து பிரித்திருந்தார்கள். மேலே பட்டால் தினவெடுக்கும் என்று வேலியோரம் நாம் ஒதுங்கிப் போகிறோமே, அந்தப் பூனைக்காலி விதை.