இலத்தீன் வினைகளில் முன்னொட்டும் இரட்டிப்பும்

இலத்தீன் வினைகளுள் சில, இறந்தகாலம் உணர்த்துங்கால் முதலெழுத்தை இரட்டித்து வரும். ‘பெல்லோ’ (தள்ளுகிறேன்) என்பது ‘பெபுலி’ (தள்ளினேன்) என்றும், ‘தங்கோ’ (தொடுகிறேன்) என்பது ‘தெதிகி’ (தொட்டேன்) என்றும் ஆகும். தமிழின் இரட்டைக்கிளவி ஒலியும் குறிப்பும் பற்றியது; இஃதோ காலம் பற்றியது. ஆதலின் இரண்டும் வேறெனக் கொள்க.

இத்தகைய வினைகள் முன்னொட்டுப் பெறுங்கால் இரட்டிப்பு மறைதல் பெரும்பான்மை. ‘எக்ஸ்’ என்பது முன்வரின் ‘எக்ஸ்புலி’ (வெளியே தள்ளினேன்) என்றே வரும். ‘எக்ஸ்பெபுலி’ எனல் இல்லை. இதுகொண்டு, முன்னொட்டு வினைகள் தொடக்கமுதலே இரட்டிப்பை ஏலாதன என முடிவுகட்டலாமோ எனின், ஆகாது. அதனை மறுக்கும் சான்று அம்மொழியிலேயே உளது.

‘ரெ’ என்னும் முன்னொட்டு வருமிடத்து ‘ரெப்புலி’ (திருப்பித் தள்ளினேன்) என ஒற்று மிகுகின்றது. நிகழ்கால வடிவாகிய ‘ரெபெல்லோ’வில் அம்மிகை இல்லை. இவ்வொற்று எங்கிருந்து வந்தது? ‘ரெபெபுலி’ என்னும் பழவடிவில் இடைநின்ற எகரம் கெட, பகரம் இரண்டும் அடுத்து நின்றன என்பதே விடை. பழைய இலத்தீனில் சொல்லின் முதலசை அழுத்தம் பெற்றது. அதனை அடுத்த குற்றுயிர் மெலிந்து கெட்டது. ‘ரெத்துலி’ (திரும்பக் கொணர்ந்தேன்) என்பதும் இவ்வாறு பிறந்ததே. அதன் தனிவடிவம் பிற்காலத்தில் ‘துலி’ எனக் குறுகிற்று, எனினும், கி.மு. 184இல் மறைந்த நாடகப்புலவர் பிளௌத்துஸ் ‘தெதுலி’ என்னும் இரட்டிப்பு வடிவையும் ஆண்டுள்ளார். மெய்யீற்று முன்னொட்டின்பின் இரட்டை ஒற்று நிற்க இயலாமையின், ‘எக்ஸ்புலி’யில் அச்சுவடு அழிந்தது எனலாம்.

ஆயின், ‘திஸ்கோ’ (கற்கிறேன்) முதலிய சில வினைகள் முன்னொட்டோடும் இரட்டிப்பை விடாமல் ‘எதிதிகி’ (மனப்பாடமாகக் கற்றேன்) என்றாற்போல வருகின்றன. ‘குர்ரோ’ (ஓடுகிறேன்) என்பதன் கூட்டுவினைகளோ இருவகையானும் வரும். தனிவினையின் ஒப்புமை ஒலிக்கேட்டைத் தடுத்த இடங்கள் இவை என்க.

தனிவினைகளிலும் இரட்டிப்புக் கெட்டதுண்டு. ‘செய்தான்’ எனப் பொருள்படும் ‘ஃபேகித்’ என்பதற்கு, பிரைநெஸ்தே நகரத்துப் பொன்னூசியில் ‘ஃபெஃபகெத்’ என்னும் இரட்டிப்பு வடிவம் காணப்படுகின்றது. 1887இல் வெளிப்பட்ட அவ்வூசி போலியென 1980இல் குவார்துச்சி அம்மையார் வாதிட்டார்; 2011இல் வெளியான ஆய்வு அது பழமையானதே எனக் காட்டிற்று. அவ்வூசி இல்லையாயினும், உறவுமொழியாகிய ஆஸ்கனில் இவ்வினை இரட்டித்து வருதலும், ‘ரெப்புலி’யின் ஓரொற்றும் சான்றாக நிற்கும்.

ஒருகால வழக்கை மட்டும் நோக்கி விதி வகுப்பின் வரலாறு மறையும். விதிக்கு அடங்காத வடிவே பழமையைக் காட்டும் என்பது இதனாற் பெறப்படும்.