பங்கும் பாட்டும்

பஜனை என்றதும் மார்கழி விடியற்காலையும் ஜால்ராச் சத்தமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை அதன் பிறந்த வீட்டுக்குப் போய் விசாரித்தால், அங்கே பாட்டையே காணோம்!

வடமொழியில் 'பஜ்' என்ற வேருக்குப் பங்கிடுதல், பங்கு கொள்ளுதல் என்று பொருள். 'பாகம்' அதில் பிறந்ததுதான். அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்கு இழுத்துச் செல்லும் பாகப்பிரிவினையும் பஜனைக்கு உறவு என்றால் வேடிக்கையாக இல்லையா? பங்காக அளந்து கொடுத்த சோறு 'பக்தம்' ஆயிற்று. பிஸிபேளா பாத்திலுள்ள 'பாத்' அதன் பேரன். இறைவனிடம் பங்கு கொள்ளுதல் பக்தி. அதைக் கூடிப் பாடிச் செய்வது பஜனை.

காவிரிக் கரையில் இந்த முறை தழைத்தது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலம். கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், இருவருக்கும் பின் வந்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரையும் பாகவதர்கள் இன்றும் வணங்கிப் பாடுகிறார்கள். ஜயதேவரின் வடமொழி, புரந்தரதாசரின் கன்னடம், பத்ராசலம் ராமதாசரின் தெலுங்கு, மராத்தி அபங்கம், தமிழ் எல்லாவற்றுக்கும் அங்கே பங்கு உண்டு.

மொழிகளுக்குக் கிடைத்த பங்கு மனிதர்கள் எல்லோருக்கும் கிடைத்ததா? ஒருவரை எட்ட நிறுத்திவிட்டு மற்றவர்கள் பாடினால், அது நல்ல சங்கீதமாக இருக்கலாம். பஜனை ஆகாது. சொல்லே அதற்குச் சாட்சி.