நீளாத முழங்கை

கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரில் கோல்ஃபுக்கு வயசு அதிகம். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829ல் ஆரம்பித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருக்கும் கோல்ஃப் கிளப்புகளில் இதுதான் மூத்தது. உடனே நான் அங்கே உறுப்பினர் என்று நினைத்துவிடாதீர்கள், நம்ம சம்பளம் நமக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மேலதிகாரி ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், "வாய்யா, சும்மா நாலு பந்து அடிச்சுப் பாரு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு பயிற்சி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பயிற்சி கொடுத்தது ஒரு பெங்காலிப் பையன். நான் கிளப்பைத் தூக்கியதுமே, "தாதா, பாயாம் ஹாத் சீதா!" என்றான். இடது கையை நேராக வையுங்கள் என்று அர்த்தம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்து நீட்டப் பார்த்தான்.

அது நீளாது. பத்து வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு விழுந்து உடைந்த முழங்கை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை முழுசாக நீளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் 'கோணக்கை' என்று பட்டப்பெயர். பிறகு முழுக்கைச் சட்டைதான், முப்பது வருடமாக. பணம் எண்ணுவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் அது ஒரு தடையே இல்லை. ஆபீஸில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. அன்றைக்கு மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "கை நேராகாவிட்டால் கஷ்டம் தாதா" என்று அந்தப் பையன் வருத்தத்தோடுதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இந்த விதியை யார் போட்டது, எப்போது போட்டது? மூன்று வாரம் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடுவோம். வலது கைக்காரர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். கிளப்பைப் பின்பக்கமாக, தோளுக்கு மேலே தூக்குவது பேக்ஸ்விங். அதன் உச்சியில் இடது கை நேராக இருக்க வேண்டும். வலது முழங்கை மடிந்து, விலாவை ஒட்டி, தரையைப் பார்த்திருக்க வேண்டும். காரணம் சுலபமானது. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டம் போடும்போது நடுவில் அதன் கால் அகன்றாலோ ஒடுங்கினாலோ வட்டம் வந்து சேராது. இங்கே இடது தோள் முள், இடது கை அந்தக் கால். கை மடங்கி ஆரம் குறைந்தால், கிளப் திரும்பி வரும்போது பந்தின் தலையில் படும், அல்லது பந்தைத் தொடாமலே போகும். (நான் அன்றைக்கு அடித்த இருபதில் எட்டு அப்படித்தான்.)

நியாயமான விதிதான். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், ஆரம்பத்திலேயே உதைக்கிறது.

ஹாரி வார்டன் என்று ஒருவர். 1870ல் இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 1896, 1898, 1899, 1903, 1911, 1914 என்று ஆறு தடவை ஜெயித்தார். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1900ல் அமெரிக்கா போய் அவர்கள் ஓப்பனையும் ஜெயித்துக்கொண்டு வந்தார். கிளப்பைப் பிடிக்கும் ஒரு முறைக்கே 'வார்டன் பிடி' என்றுதான் பெயர். அப்பேர்ப்பட்டவருடைய இடது முழங்கை பேக்ஸ்விங்கின் உச்சியில் நன்றாகவே மடங்கியிருக்கும். பழைய புகைப்படங்களில் பளிச்சென்று தெரிகிறது.

அப்போது கிளப்பின் தண்டு ஹிக்கரி மரத்தில் செய்தது. ஓங்கி அடித்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும், அதனால் நிதானமாக, தளர்வாக வீச வேண்டும். போதாக்குறைக்கு கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு ஆடிய காலம். 1920களில் அமெரிக்கா முதலில் எஃகுத் தண்டை அனுமதித்தது, 1929ல் பிரிட்டனும் ஒத்துக்கொண்டது. எஃகு மரம் மாதிரி முறுக்கிக்கொள்ளாது. அதற்கேற்ப வீச்சை மாற்றியவர்களில் முக்கியமானவர் பைரன் நெல்சன். 1945ல் ஒரே வருடத்தில் 18 போட்டிகள், அதில் 11 தொடர்ச்சியாக. பிற்பாடு கிளப்புகளையும் பந்துகளையும் சோதிக்க ஓர் இயந்திரம் செய்தபோது, அதற்கு 'அயர்ன் பைரன்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

விதியை வேதமாக்கியவர் பென் ஹோகன். 1949ல் அவருடைய கார் மேல் பஸ் மோதியது. மறுபடி நடப்பாரா என்றே சந்தேகப்பட்ட நிலையிலிருந்து எழுந்து வந்து, 1950ல் அமெரிக்க ஓப்பனை ஜெயித்தார். 1957ல் அவர் எழுதிய 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகம் இன்றைக்கும் விற்கிறது. இரண்டு முழங்கைகளையும் முடிந்தவரை நெருக்கமாக வை, அவை இடுப்பெலும்பைப் பார்க்கட்டும் என்கிறார். அதில் இரண்டு கைகளையும் கட்டிப்போட்ட மாதிரி ஒரு படம் கூட உண்டு. பிறகு வந்த பயிற்சியாளர்களில் பலர் அந்தக் கட்டை அவிழ்க்கவே இல்லை.

ஆனால் அடுத்து வந்த ஜாக் நிக்லஸ் அதற்குள் அடங்கவில்லை. உச்சியில் அவருடைய வலது முழங்கை விலாவை விட்டு விலகி வெளியே பறக்கும். 'பறக்கும் முழங்கை' என்றே அதற்குப் பெயர் வைத்துக் குறை சொன்னார்கள். 1962ல் தொடங்கி, 1986ல் தமது 46வது வயதில் மாஸ்டர்ஸ் ஜெயித்தது வரை மொத்தம் 18 பெரிய பட்டங்கள் வாங்கிவிட்டார். முழங்கை கடைசிவரை பறந்துகொண்டுதான் இருந்தது.

"சரி சார், அவர்களெல்லாம் நீட்டத் தெரிந்தும் மடக்கியவர்கள். உங்களுக்கு நீட்டவே வராதே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

முதலில் கிடைத்த பெயர் எட் ஃபர்கோல். சிறுவயதில் விளையாடும்போது விழுந்து இடது முழங்கை நொறுங்கியவர். கை மடங்கியபடியே நின்று, சூம்பியும் போனது. 1954ல் பால்டஸ்ரால் மைதானத்தில் அமெரிக்க ஓப்பனை ஜெயித்தார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் அமெரிக்க ஓப்பன் அதுதான்.

இரண்டாவது பெயர் கால்வின் பீட். இவரைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1943ல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினத்தவர். வீட்டில் பத்தொன்பது பிள்ளைகள். 12 வயதில் செர்ரி மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்தது. சரியாகக் கூடாததால் அந்தக் கை பிறகு முழுசாக நீளவே இல்லை. படிப்பை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவில் வயல் வேலைக்குப் போனார். அப்புறம், அறுவடைக்காக ஊர் ஊராக நகரும் கூலித் தொழிலாளிகளின் பின்னாலேயே காரில் போய் துணிமணி, நகை விற்றார். ஒரு வகையில் நம்மைப் போல, வேலை போன பக்கமெல்லாம் போனவர். 23 வயது வரை கோல்ஃப் கிளப்பைத் தொட்டதே கிடையாது. 1966ல் ராச்செஸ்டரில் நண்பர்கள் விருந்துக்கு என்று பொய் சொல்லி அவரை கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

தடை முழங்கையில் மட்டும் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தில் வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று 1961 வரை சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் கறுப்பர், லீ எல்டர், ஆடியது 1975ல். பீட் தொழில்முறைச் சுற்றுக்குள் நுழைந்ததும் அதே வருடம். 1979ல் முதல் வெற்றி, 1982ல் மட்டும் நான்கு, மொத்தம் 12.

அந்த எண்ணிக்கையை விட என்னை அசத்தியது வேறொன்று. முதல் அடி, நடுவில் ஒட்ட வெட்டிய புல்பாதையான ஃபேர்வேயில் போய் விழுகிறதா என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து வருடம் அவர்தான் முதலிடம். அந்தச் சுற்றிலேயே நேராக அடித்தவர், கையை நேராக்க முடியாத மனிதர்!

எப்படி? பி.காம். படித்தவனுக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். 1968ல் கோக்ரன், ஸ்டாப்ஸ் இருவரும் எழுதிய 'தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்' என்ற ஆராய்ச்சிப் புத்தகம், வீச்சை இரட்டை ஊசலாக விளக்குகிறது. இடது கை ஓர் ஊசல், அதன் முனையில் மணிக்கட்டில் கிளப் இன்னோர் ஊசல். இந்தக் கணக்குக்கு வேண்டியது பந்தை அடிக்கும் நேரத்தில் ஆரம் சரியாக இருப்பது. நேரான கை அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். வார்டன் மேலே மடக்கினாலும் கீழே வரும்போது சரியாக நீட்டிவிட்டார். பீட்டின் கை நிற்கும்போது எவ்வளவு மடங்கியிருந்ததோ, அடிக்கும்போதும் அவ்வளவே மடங்கியிருந்தது. அவருடைய கவராயத்தின் கால் குட்டைதான், ஆனால் அளவு மாறவில்லை.

ஒரு வேடிக்கை. வருடத்தின் மிகச் சிறந்த சராசரிக்குக் கொடுக்கப்படும் கோப்பையின் பெயர் வார்டன் கோப்பை. 1984ல் அதை வாங்கியவர் பீட். முழங்கையை மடக்கி ஆடியவர் பெயரால் உள்ள பரிசு, முழங்கை நீளாதவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ரைடர் கோப்பை அணியில் ஆட வேண்டுமானால் சங்கத்தின் முழு உறுப்பினராக இருக்க வேண்டும், அதற்குப் பள்ளிப்படிப்பு முடித்த சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கிட்டத்தட்ட நாற்பது வயதில், 1982ல், உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தார். 1983லும் 1985லும் அணியில் ஆடினார். சிஏஐஐபி பரீட்சையை "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த எனக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பீட் 2015ல் காலமானார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி மைதானத்துக்குப் போனேன். அந்தப் பையனுக்கு பீட் ஆடும் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். பிறகு என் முழங்கையைத் தொட்டு, "இதை நீட்ட வேண்டாம் தாதா, இப்படியே மாறாமல் வையுங்கள்" என்றான். அவனுக்குக் கோபமும் இல்லை, கர்வமும் இல்லை. இவ்வளவு காலம் யாரும் அவனுக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கவில்லை.

இருபது பந்தில் ஐந்து நேராகப் போயின. மற்றதைக் கேட்காதீர்கள்.

அன்றைக்கு அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். "என்ன, புதுசா இருக்கே?" என்று வீட்டில் கேட்டதற்கு, கொல்கத்தா வெயில் என்று சொல்லிவைத்தேன்.